பசியும் குருதியும்: லெப்டின் கண்டறியப்பட்ட வரலாறு

பருத்தவர் நாவடக்கம் அற்றவர் என்ற கருத்து மருத்துவ உலகிலும் நெடுங்காலம் நிலவியது. அதனை அசைத்த முதன்மைச் சான்றுகள் சுண்டெலிகளிடமிருந்து கிடைத்தன.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வகம், மரபுவழிப் பருமன் கொண்ட சுண்டெலிகளைப் பற்றி 1950இல் அறிவித்தது. இயல்பான எலியினும் ஏறத்தாழ மும்மடங்கு எடைக்கு அவை பருத்தன. பருமனுடன் கடும் நீரிழிவும் கொண்ட மற்றொரு வகை, 1966இல் அதே ஆய்வகத்தால் அறிவிக்கப்பட்டது.

அங்குப் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் டக்ளஸ் கோல்மன், இரண்டு எலிகளின் உடல்களை அறுவையால் இணைத்து அவற்றின் குருதி கலக்குமாறு செய்தார். நீரிழிவு எலியோடு இணைக்கப்பட்ட இயல்பான எலி, உணவு முன்னிருந்தும் உண்ணாது பட்டினியால் இறந்தது. பருமன் எலியை நீரிழிவு எலியோடு இணைத்தபோது பருமன் எலியே அவ்வாறு மடிந்தது. நீரிழிவு எலியோ மேலும் பருத்தது. பருமன் எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது இரண்டும் பிழைத்தன. பருமன் எலி உண்ணும் அளவு குறைந்தது.

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினாலன்றிப் பொருள் விளங்காது. உண்டது போதும் என உணர்த்தும் ஒரு பொருள் குருதியில் ஓடுகிறது. பருமன் எலியால் அதனைச் சுரக்க இயலாது. நீரிழிவு எலி அதனை மிகுதியாகச் சுரந்தும் உணர இயலாது. கோல்மன் 1973இல் வெளியிட்ட முடிவு இதுவே. காணாத ஒரு பொருளின் இருப்பையும், அதனை உணரும் ஏற்பியின் பழுதையும் உய்த்துணர்ந்த இவ்வாய்வு எளிமையில் ஒப்பற்றது எனலாம். எனினும் அப்பொருளைப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. பருமனை நடத்தைக் கோளாறாகக் கருதியோர் அம்முடிவை ஏற்கவும் தயங்கினர்.

1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத்திசு சுரக்கும் அந்த ஹார்மோன், மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக லெப்டின் எனப் பெயர்பெற்றது. பருமனுக்கு மருந்து கிட்டிவிட்டதென நம்பி ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமம் பெற்றது. ஆனால், பருமனுடையோர் பெரும்பாலோரின் குருதியில் லெப்டின் மிகுதியாகவே இருப்பது 1996இல் தெரியவந்தது. ஏற்பி பழுதுபடாதபோதும், அவர்கள் நிலை நீரிழிவு எலியின் நிலைக்கே நெருக்கமாக இருந்தது.

பருமன் எலியை ஒத்த மனிதரும் இருந்தனர், மிக அரிதாக. பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரு குழந்தைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் அறிவித்தனர். அவர்களுள் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி செலுத்தப்பட்டது. ஓராண்டில் 16.4 கிலோ எடை குறைந்தது. ஓயாத உணவு வேட்கையும் அடங்கியது.