எச்சிகோயாவின் கறார் விலை

பதினேழாம் நூற்றாண்டில், ஜப்பானின் இராணுவ ஆட்சியாளர்களான ஷோகன்களின் ஆட்சிபீடமாக விளங்கிய எடோ மாநகரத்தில் (இன்றைய டோக்கியோ அதுவே) பட்டு ஜவுளி வியாபாரம் என்பது கடையில் அமர்ந்து செய்கிற காரியமாக இருக்கவில்லை. மாதிரித் துணிகளைச் சுமந்துகொண்டு பிரபுக்களின் மாளிகைதோறும் சென்று, அவரவர் தேவையறிந்து சரக்கை அனுப்பி, பணத்தை வருஷத்துக்கு இரண்டொரு தவணைகளில் கணக்குத் தீர்த்து வாங்கிக்கொள்வதே சம்பிரதாயம். மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் முதலுக்குரிய வட்டியையும், வசூலாகாமலே போய்விடக்கூடிய பாக்கிகளுக்குரிய ஈட்டையும் விலையிலேயே முன்கூட்டி ஏற்றிவைப்பது வழக்கமாதலால், ஒழுங்காகப் பணம் செலுத்தியவனே நாணயமற்றவனுடைய கடனையும் தன்னை அறியாமல் தீர்த்துவந்தான்.

ஈசே மாகாணத்து மட்சுசகாவில் 1622-இல் பிறந்த மிட்சுய் தகதோஷி, இளமையில் எடோவில் தமையனாரின் கடையில் தொழில் பயின்று, பின்னர் சொந்த ஊருக்கே திரும்பி நெடுங்காலம் காத்திருந்து, அத்தமையனார் காலமான 1673-ஆம் ஆண்டில், ஐம்பது வயது கடந்த நிலையில், எடோவின் ஹொன்ச்சோ வீதியில் எச்சிகோயா என்ற பெயரால் ஒரு சிறு கடை திறந்தார். ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, ஏற்றிச் சொல்லும் விலை கிடையாது என்பதே அவர் கொள்கை. அத்துடன், ஓர் ஆடைக்குரிய முழுச் சுருளாக மட்டுமே விற்கப்பட்டுவந்த பட்டை, கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுக்கவும் தலைப்பட்டார். மாளிகை வாசலில் ஒருநாளும் கால்வைத்திராத சாமானியப் பெண் ஒருத்தி ஒரு துண்டுப் பட்டுக்கு உரியவளானது அப்போதுதான். என் மனத்துக்கு, அவருடைய மாற்றங்களில் இதுவே மிகவும் அழகியது.

அக்கம்பக்கத்து வியாபாரிகளுக்கு அது அழகாகப் படவில்லை. அவர்கள் கூடிப் பகிஷ்காரம் செய்தார்கள். எச்சிகோயாவின் சமையற்கட்டை நோக்கிக் கழிப்பிடம் அமைத்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. 1682-ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்த பெருந்தீக்குப் பின், 1683-இல், தகதோஷி கடையைச் சுருகாச்சோ என்னும் இடத்துக்கு மாற்றினார். அப்பொழுது அவர் நகரெங்கும் வழங்கிய துண்டுப் பிரசுரம், சரக்கை மலிவாகக் கொடுப்பதாக ஆசை காட்டிய கையோடு, பேரம் பேசுவதால் பயனில்லை, எவர் வீட்டுக்கும் சரக்குக் கொண்டுவர மாட்டோம், சிறு தொகையும் கடன் நிற்கக்கூடாது என்று வாடிக்கைக்காரரிடமே கண்டிப்பும் காட்டிற்று. வணங்கி வளைவதையே வியாபார லக்ஷணமாகக் கொண்டிருந்த காலத்தில், மறுப்பையே விளம்பரமாக்கியது சாமானிய தைரியமன்று.

ஆனால் அந்த மறுப்புகள்தாம் மலிவுக்குக் காரணமாயிருந்தன. கடனில்லை என்றபடியால் வட்டிச்சுமை விலையிலிருந்து இறங்கிற்று. பணம் உடனுக்குடன் புரண்டதால் குறைந்த லாபமே போதுமானதாயிற்று. பேரமில்லை என்றபடியால், ஆளின் முகம் பார்த்து விலை சொல்லும் சாமர்த்தியம் வாய்க்காத இளம் பணியாளும் நம்பிக்கையோடு விற்கலாமென்றாயிற்று. அக்காலத்து எழுத்தாளர் இஹாரா சைகாகு 1688-இல் வெளியிட்ட ஒரு நூலில், இக்கடையில் ஒவ்வொரு வகைத் துணிக்கும் ஒவ்வொரு பணியாள் இருந்ததையும், அவசரமாக ஆடை வேண்டி வந்தவர்களுக்கு அவர்கள் காத்திருக்கும்போதே தைத்துக் கொடுத்ததையும் வியந்து எழுதியிருக்கிறார். மழை நாட்களில் கடையின் முத்திரை பொறித்த குடைகளை இரவல் கொடுத்ததும் பிற்காலத்தில் பிரசித்தமாயிற்று; நனையாமல் வீடு போன ஒவ்வொருவரும் கடையின் பெயரைத் தெருத் தெருவாக எடுத்துச் சென்றார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

விசித்திரம் என்னவென்றால், மாளிகைகளைத் தேடிப் போகமாட்டேன் என்றவரையே 1687-இல் ஷோகனின் அரசாங்கம் தனக்கு ஆடை வழங்குவோரில் ஒருவராக நியமித்துக்கொண்டது. சக வியாபாரிகளின் தொல்லை அதன் பின்னரே தணிந்தது. நாளடைவில் எடோவின் பிற பெரிய ஜவுளிக்கடைகளும், ரொக்கமே, பேரமில்லை என்ற அறிவிப்பைத் தங்கள் வாசலிலும் எழுதி வைத்துக்கொண்டன.