நாணயம் இளைத்தால் சுற்றுலா கொழுக்குமா?

திருச்சுழியில் சுந்தர மந்திரம் என்றொரு பழைய வீடு உண்டு. ரமணர் 1879-ல் பிறந்த வீடு அது. குண்டாற்றங்கரையில் கருவேலங்காடும் மானாவாரிக் காடும் சூழ்ந்த அந்தச் சிற்றூருக்கு, அதைப் பார்க்கவென்றே ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அப்படி வருபவர் 2014-ல் 100 டாலரை மாற்றியிருந்தால் ஏறக்குறைய 6,000 ரூபாய் கிடைத்திருக்கும். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அதே 100 டாலர் 9,000 ரூபாய். அவருடைய பணம் கூடவில்லை, நம் ரூபாய்தான் இளைத்திருக்கிறது.

இதே கணக்கை அருப்புக்கோட்டையிலிருந்து உம்ராவுக்குக் கிளம்பும் குடும்பத்தின் பக்கம் நின்று போட்டுப் பாருங்கள். சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அமீரகத்தின் திர்ஹமும் அப்படித்தான். எனவே டாலரிடம் ரூபாய் எவ்வளவு தோற்கிறதோ, ரியாலிடமும் அவ்வளவு தோற்கும். டாலர் 60 ஆக இருந்தபோது ரியால் 16 ரூபாய். டாலர் 90 ஆனால் ரியால் 24 ரூபாய். மக்காவிலும் மதீனாவிலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் 4,000 ரியால் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 64,000 ரூபாய்ச் செலவு 96,000 ஆகிவிடுகிறது. அங்கே ஒரு ஹலாலாகூட விலை ஏறவில்லை என்றாலும் இதுதான் நிலை.

"ரூபாய் விழுந்தால் என்ன, வெளிநாட்டுக்காரன் மலிவு என்று வருவான், டாலர் கொட்டும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு நியாயம் உண்டு. சுற்றுலா என்பது கப்பலில் ஏற்றாத ஏற்றுமதி. ஜவுளியை வெளிநாட்டுக்கு அனுப்பி டாலர் வாங்குவதற்குப் பதில், வாங்குபவனே இங்கு வந்து சோறும் அறையும் வாங்கிக்கொண்டு டாலரைத் தந்துவிட்டுப் போகிறான். நாணயம் மலிந்தால் அந்தச் சரக்கும் அவனுக்கு மலிவுதான். ஆனால் மலிவு மட்டும் ஆளைக் கூட்டிவருமா? நமக்கு மிக அருகில், கடலுக்கு அந்தப் பக்கம், இந்தச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது.

2018-ல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். சுற்றுலா வருமானம் சுமார் 438 கோடி டாலர். 2019 ஏப்ரல் 21-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்தன, அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2021-ல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. டாலர் வரும் வாசல் அடைபட்டது. அந்த நேரத்தில் அரசு செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது: ஒரு டாலருக்கு 200 ரூபாய்ச் சொச்சம் என்று விலையைப் பிடித்து வைத்துக்கொண்டது. உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வங்கியை விட்டுவிட்டு அவர்களிடம் போனார்கள். 2020-ல் 710 கோடி டாலராக இருந்த வங்கிவழிப் பணம் 2022-ல் 380 கோடி அளவுக்கு இறங்கியது. ஆக, விழ விடாமல் பிடித்து வைத்த நாணயமும் நாட்டைக் காப்பாற்றவில்லை.

2022 மார்ச்சில் பிடி விட்டது. இரண்டே மாதத்தில் டாலர் 360 ரூபாய். வெளிநாட்டுப் பயணிக்கு இலங்கை அதுவரை இல்லாத அளவுக்கு மலிவான நாடானது. அந்தத் தத்துவம் சரி என்றால் விமானங்கள் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தவர்கள் மே மாதம் 30 ஆயிரம்பேர்தான் வந்தார்கள்.

காரணம் ஒளிந்து கிடக்கவில்லை. நாணயம் சரிந்த நாட்டில் டீசல் வாங்க டாலர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெட்ரோல் நிலையங்களில் நாள் கணக்கில் வரிசை. தாள் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. மேலைநாட்டு அரசுகள் அங்கே போக வேண்டாம் என்று தம் மக்களை எச்சரித்தன. அறை பாதி விலைக்குக் கிடைத்து என்ன பயன், விமான நிலையத்திலிருந்து அறைக்குப் போக வண்டியில் எண்ணெய் வேண்டுமே. அலைச்சறுக்குக்காரர்களை நம்பிப் பிழைக்கும் பொத்துவில், அறுகம்பே முஸ்லிம்களுக்கும், கடற்கரை விடுதியும் கல் வியாபாரமும் உள்ள பேருவளைக்காரர்களுக்கும் நாணயச் சரிவு வியாபாரமாக வரவில்லை, அரிசி விலையாகத்தான் வந்தது. கொழும்பில் விலைவாசி உயர்வு 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுப் பொருளில் அது 95 சதவீதத்தை ஒட்டியது. அந்த மார்ச்சிலேயே தனுஷ்கோடிக் கரையில் குழந்தைகளோடு படகில் வந்திறங்கியவர்களை நம் இராமநாதபுரத்துச் சகோதரர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பிறகு நடந்தது இன்னும் விசேஷம். 2023-ல் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டாலர் உதவித் திட்டம் வந்தது, எண்ணெய் வரிசை ஒழிந்தது, இலங்கை ரூபாய் 360-லிருந்து 320 அருகே வலுப்பெற்றது. அதாவது பயணிக்கு நாடு சற்று விலை கூடியது. அந்த ஆண்டில்தான் வருகை 7 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து 14 லட்சத்து 87 ஆயிரமாக இரட்டித்தது. 2024-ல் 20 லட்சத்தைத் தாண்டியது. ஆட்களைக் கூட்டிவந்தது அமைதியும் வெளிச்சமும், இந்தியா உள்ளிட்ட சில நாட்டவருக்கு அளித்த இலவச விசாவும்தான். மலிவு அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த துணை.

வருமானக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2018-ல் ஒரு பயணி சராசரியாக 1,870 டாலர் அளவுக்கு விட்டுச் சென்றார். 2024-ல் மொத்த வருமானம் சுமார் 317 கோடி டாலர், ஓர் ஆளுக்கு 1,550 டாலர்கூட இல்லை. வருகிறவர்களின் வகை மாறியது போன்ற வேறு காரணங்களும் இதில் உண்டு. ஆனால் நாணயம் மலிந்தால் அதே அறையும் அதே சாப்பாடும் குறைந்த டாலரையே ஈட்டும் என்பது மறுக்க முடியாதது. பழைய வருமானத்தைத் தொட இன்னும் அதிகம் பேரை வரவழைக்க வேண்டும், இன்னும் அதிகம் படுக்கை விரிப்புகளை வெளுக்க வேண்டும். வெளுக்கிறவருக்குக் கூலி ரூபாயில்தான், அந்த ரூபாயில் பால்மாவு வாங்க முடிகிறதா என்பதுதான் அவர் வீட்டுக் கேள்வி.

துருக்கியும் ஏறக்குறைய இதே பாதையில் போனது. 2021 கடைசியில் லிரா சரிந்தபோது பல்கேரியர்கள் எல்லை தாண்டி எதிர்னே நகரச் சந்தைக்கு வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். 2022-ல் அந்நாட்டுக்கு 5 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். துருக்கியில் மின்சாரம் நிற்கவில்லை, எண்ணெய் தீரவில்லை, அதனால் மலிவு வேலை செய்தது. அந்த அக்டோபரில் விலைவாசி உயர்வு 85 சதவீதம். கடைக்காரருக்குக் கூட்டம், அதே தெருவில் குடியிருந்த ஓய்வூதியக்காரருக்குப் பட்டினி பயம்.

விருந்தாளியின் பணம் நாணயத்தையே அசைத்த வரலாறும் நமக்குத் தெரியும். மாலி நாட்டு மன்னர் மன்சா மூசா 1324-ல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்தார். அதற்குமுன் ஒரு மித்கால் தங்கம் 25 திர்ஹமுக்குக் குறைந்ததில்லை, பிறகு 22-க்கும் கீழே இறங்கியது, 12 ஆண்டுகள் கழிந்தும் ஏறவில்லை என்று அல்உமரி எழுதி வைத்திருக்கிறார்.

இந்தியாவுக்கு வருவோம். 2019-ல் டாலர் 70 ரூபாய் அளவில் இருந்தபோது 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். 2024-ல் டாலர் 83, 84 ரூபாய். மலிவாகியும் வருகை அந்தப் பழைய எண்ணைத் தொடவில்லை, ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. பொட்டாஷ் உரமும் வெளிநாட்டுச் சரக்குதான். திருச்சுழி கரிசலில் பருத்தியும் மல்லியும் மிளகாயும் போடுகிற சம்சாரி ஆயுளில் ஒரு டாலர் நோட்டைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் டிராக்டர் வாடகையிலும் உர மூட்டையிலும் அவர் டாலருக்குத்தான் கப்பம் கட்டுகிறார்.

லாபம் அடைகிறவர்களும் நம் ஊரில் உண்டு. நூலையும் துணியையும் ஏற்றுமதி செய்யும் ஆலைக்காரருக்கு ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய் வருகிறது, வெளிநாட்டுப் பஞ்சு வாங்கினால் அதில் ஒரு பங்கு போய்விடும். சபர் போன பிள்ளைகள் அனுப்பும் பணமும் ரூபாயில் பெரிதாகத் தெரிகிறது. 2024-ல் இந்தியாவுக்கு வந்த அத்தகைய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகில் இதுவே அதிகம், சுற்றுலாவில் நாம் ஈட்டுவதைவிடப் பல மடங்கு. ஆகவே நம் குடும்பங்களைப் பொறுத்தவரை நாணயச் சரிவின் கதை விடுதி வாசலில் நடப்பதைவிட, மணி ஆர்டர் வந்த காலம்தொட்டு நம் வீட்டு வாசலில்தான் அதிகம் நடக்கிறது.

ஏர்வாடிக்கும் நாகூருக்கும் ஜியாரத் வருகிற இலங்கைச் சகோதரர்களின் கதை இதற்கு நேர் எதிர். 2022 தொடக்கத்தில் அவர்களுடைய ஒரு லட்சம் ரூபாய் நம் பணத்தில் 37,000 அளவுக்கு மாறியது. மே மாதத்தில் 22,000-கூட இல்லை. அவர்கள் நாட்டு நாணயம் விழுந்ததில் நம் ஊர் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் வாடிக்கையை இழந்தன. பக்கத்து வீட்டு நாணயம் இளைத்தாலும் நமக்கு நஷ்டம் உண்டு என்பதை அந்தக் கடைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

உம்ராவுக்குப் பணம் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பிள்ளை சவூதியிலோ துபாயிலோ இருந்தால், பயணத்துக்கென்று ஒதுக்கும் தொகையை ஊருக்கு அனுப்பி ரூபாயாக்கி, இரண்டு வருடம் கழித்து மறுபடி ரியாலாக மாற்றுவதில் இரண்டு முறை கமிஷன் போகிறது, இடையில் நடக்கும் சரிவும் நம் தலையில் விழுகிறது. அந்தத் தொகையைப் பிள்ளையின் கணக்கில் அங்கேயே வைத்துவிட்டு, மக்காவில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். விமானச் சீட்டுக்கும் ஏஜென்சிக்கும் ஆகும் பணத்தை மட்டும் ஊரில் சேர்த்தால் போதும்.