காவிப் பல்லும் கிணற்றுத் தண்ணீரும்

தீர்த்தமலை, அரூர் பக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்குப் பல் காவி ஏறியிருக்கும். வெளியூர் போனால், "பல்லே தேய்க்க மாட்டீங்களா?" என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் சிரிக்கவே பயந்த பெண்கள் உண்டு. உமிக்கரி, செங்கல் தூள் போட்டுத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம்.

அது மேலே படிந்த அழுக்கல்ல. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடு அளவு மிஞ்சினால், சிறு வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலைக் கெடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போன பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அந்த ஊரார் பல்லெல்லாம் காவியாக இருப்பதைப் பார்த்தார். காரணம் புளோரைடு என்று தெரிய 1931 ஆயிற்று. அதற்குள் அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார்: அந்தப் பற்களில் சொத்தை குறைவு! வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கிப் பல்லை அரிக்கிறது. சிறிதளவு புளோரைடு அதைத் தாங்கும் பலம் தருகிறது. பேஸ்டில் அதைச் சேர்ப்பது இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், எலும்பையும் முடக்கும் இந்நோயை 1937லேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013ல். நடுவே 76 வருஷம்!

காவிரித் தண்ணீர் வராத நாளில் பேரப்பிள்ளைகளுக்குக் கிணறு, போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது.