தாயின் அச்சம்: ஒரு வரலாற்றுப் பார்வை

கருவுற்ற பெண்ணைக் காணச் செல்வோர் கேட்கும் கேள்விகளை நாம் அனைவரும் அறிவோம். எத்தனையாவது மாதம், இரத்தம் போதிய அளவு இருக்கிறதா, குழந்தையின் எடை எப்படி, மருத்துவர் எந்த நாளைக் குறித்திருக்கிறார் என்றெல்லாம் கேட்கிறோம். உடலைப் பற்றிய இக்கேள்விகள் தேவையானவையே. ஆனால் உள்ளம் எப்படி இருக்கிறது என்று கேட்போர் அரியர். அவளாகவே முன்வந்து, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொன்னாலும், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, ஊரில் எல்லாரும் பெற்றுக்கொள்ளவில்லையா?’ என்று நாம் அன்போடு கூறும் மறுமொழி அவள் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

இந்த அச்சத்தை ஒரு பொருட்டாக மதித்து, இதற்கு என்ன செய்யலாம் என்று மருத்துவ உலகம் கேட்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. இன்று மேலைநாடுகளில் கருவுற்ற தாய்மாருக்குக் கற்பிக்கப்பட்டு வரும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனும் மனவிழிப்புத் தியானம் அத்தேடலின் அண்மைக் கட்டம். அது எங்கிருந்து வந்தது, எத்தடைகளைக் கடந்தது, எதைத் தரவல்லது, எதைத் தரவியலாது என்பதைச் சற்றே வரலாற்றின் ஒளியில் நோக்குவோம்.

1847ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில், ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மகப்பேற்று மருத்துவர் குளோரோபார்ம் எனும் மயக்க மருந்தைப் பிரசவத்தில் பயன்படுத்தினார். உடனே ஒரு கேள்வி எழுந்தது. பெண் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரம் கூறியிருக்க, அவ்வேதனையை நீக்குவது இறைவனின் தீர்ப்பை மீறுவதாகாதா? இந்த எதிர்ப்பு பின்னாளில் பேசப்பட்ட அளவுக்குப் பரவலாக இருந்ததில்லை என்று இன்றைய வரலாற்றாளர் சிலர் கூறுவர். எனினும் அவ்வாண்டு டிசம்பரிலேயே சிம்சன் அதற்கு விடையாக ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

அவருடைய வாதம் எளியது. அதே அதிகாரத்தில் ஆணுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. நிலம் முட்செடிகளை முளைப்பிக்கும். அவன் நெற்றி வியர்வை சிந்தியே உணவு உண்பான். அப்படியிருக்க, உழவன் களை பறிப்பதையும், தன் பாட்டைக் குறைக்க மாட்டைப் பூட்டி உழுவதையும் எவரும் பாவம் என்று சொல்வதில்லையே! மேலும், எபிரேய மூலத்தில் பெண்ணின் வேதனையைக் குறிக்கும் அதே சொல் அடுத்த வசனத்தில் ஆணின் உழைப்பையும் குறிக்கிறது. ஆணின் பாட்டைக் குறைக்கலாம், பெண்ணின் பாட்டைக் குறைக்கலாகாது என்பது எந்த நீதி? 1853 ஏப்ரலில் விக்டோரியா அரசியார் தம் எட்டாவது மகவாகிய லியோபோல்டைப் பெற்றபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அவருக்குக் குளோரோபார்ம் அளித்தார். பிரசவத்தில் மயக்க மருந்து மதிப்புப் பெற அது பெரிதும் துணை செய்தது.

ஆயினும் குளோரோபார்ம் வேதனையைத் தணித்தது நினைவை மங்கச் செய்துதான். மாதக்கணக்கில் அவள் உள்ளத்தில் குடியிருந்த அச்சத்தை அது தொடவில்லை. அந்த அச்சத்தையே ஆராயப் புகுந்தவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர். இளமையில் இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த வொயிட்சேப்பல் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கச் சென்றார். மயக்க மருந்தை அவர் நீட்டியபோது அவள் வேண்டாமென்று மறுத்தாள். காரணத்தைப் பின்னர் கேட்டபோது, தனக்கு வலிக்கவில்லை என்றும், வலிக்க வேண்டும் என்று ஏதும் இல்லையே என்றும் வெள்ளையாகக் கூறினாள். இந்த நிகழ்ச்சியைத் தம் சிந்தனையின் தொடக்கமாக அவர் பின்னாளில் எழுதினார். 1933இல் வெளிவந்த ‘இயற்கைப் பிரசவம்’ என்ற நூலில் அவர் விளக்கிய கொள்கை இதுவே: அச்சம் தசைகளை இறுக்குகிறது, இறுக்கம் வலியை மிகுவிக்கிறது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. இவ்வட்டத்தை உடைக்க, நிகழப்போவதைத் தாய்க்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். மூச்சையும் உடலையும் தளர்த்தப் பழக்க வேண்டும். பேற்று வேளையில் அவளைத் தனியே விடலாகாது என்றார்.

ஏறத்தாழ இதே முடிவுக்கு முற்றிலும் வேறான ஒரு பாதையிலும் சிலர் வந்து சேர்ந்தனர். சோவியத் நாட்டு மருத்துவர்கள், பாவ்லோவ் என்ற அறிஞரின் ஆராய்ச்சியைப் பின்பற்றி, பிரசவத்தையும் வலியையும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தை மனத்திலிருந்து பயிற்சியால் அகற்றலாம் என்று கருதினர். 1951இல் அங்குச் சென்று இம்முறையைக் கண்ட பெர்னாண்டு லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர், பாரிசு மாநகரில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய புளூவே மருத்துவமனையில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒழுங்குபடுத்தப்பட்ட மூச்சுப் பயிற்சி அதன் உயிர்நாடி.

இங்கே கத்தோலிக்க மக்கள் முன் ஒரு சிக்கல் எழுந்தது. உலகம் இரு முகாம்களாகப் பிளவுண்டிருந்த காலம் அது. கடவுளை மறுக்கும் ஆட்சி நடந்த நாட்டில் பிறந்து, பொருள்முதல்வாதத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையைக் கிறிஸ்தவத் தாய் கைக்கொள்ளலாமா? இத்தாலிய மருத்துவர்கள் இதைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரிடமே கேட்டனர். 1956 ஜனவரி 8ஆம் நாள் மகப்பேற்று மருத்துவர்களுக்கு அவர் ஆற்றிய உரை, இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத ஒன்று.

திருத்தந்தை அம்முறையின் அறிவியலையும் அதைக் கண்டவர்களின் தத்துவத்தையும் பிரித்துக் காட்டினார். ஓர் உண்மையின் மதிப்பு அதைக் கண்டறிந்தவரின் சமயத்தைப் பொறுத்ததன்று. பித்தாகரசும் இப்போகிரட்டீசும் வேற்றுச் சமயத்தவர் என்பதால் அவர்கள் கண்ட உண்மை வேற்றுச் சமய உண்மையாகிவிடாது; பாஸ்டரும் மெண்டலும் கிறிஸ்தவர் என்பதால் அவர்கள் கண்டது கிறிஸ்தவ உண்மையாகிவிடாது என்னும் கருத்தை முன்வைத்தார். தொடக்கநூலின் அந்த வசனத்தையும் அவர் தவிர்க்கவில்லை. பேற்றை எளிதாக்கும் வழிகளைத் தாய்மார் தேடுவதை இறைவன் தடை செய்யவில்லை என்று விளக்கினார். அதே வேளையில், துன்பத்தை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்க விரும்பும் தாயின் உரிமையையும் அவர் மறுக்கவில்லை. சிம்சன் எழுப்பிய வினாவுக்கு, நூறு ஆண்டுகளுக்குப் பின் உரோமையிலிருந்து வந்த விடையாகவே இதை நாம் கொள்ளலாம்.

எனினும் இப்புதிய முறைகளிலும் ஒரு குறை இருந்தது. வலியில்லாப் பிரசவம் என்ற பெயரே ஒரு தேர்வாக மாறியது. லமாஸ் முறையில் தாய்மாரின் பிரசவங்கள் சிறந்தவை முதல் தோல்வியுற்றவை வரை தரம் பிரிக்கப்பட்டன. அலறியவள் தோற்றவளானாள். ‘நீ சரியாகப் பழகவில்லை, அதனால்தான் வலித்தது’ என்பது, ‘நீ ஏவாளின் மகள், அதனால்தான் வலிக்கிறது’ என்பதைவிட எவ்வகையில் இரக்கமுடையது? பழியின் பெயர் மாறியதேயன்றிப் பழி நீங்கவில்லை.

மனவிழிப்புத் தியானம் வேறுபட்டு நிற்பது இந்த இடத்தில்தான். அதன் வேர்கள் புத்த சமயத்தில் உள்ளன. அப்பெயர் பிறந்த கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியின் அலுவலராகப் பணியாற்றியபோது பாளி மொழியில் ஈடுபாடு கொண்ட ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘சதி’ என்ற பாளிச் சொல்லுக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாண்டார். நினைவு, கவனம் என்னும் இரு பொருளும் தரும் சொல் அது. பின்னர் செருமனியில் பிறந்து 1936இல் இலங்கைக்கு வந்து துறவியான ஞானபோனிக தேரர், இத்தியானத்தை விளக்கி எழுதிய நூல் மேலைநாட்டாரிடையே பரவியது.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், ஜான் கபாட்-சின் என்பவர் தீராத வலியோடு வாழ்ந்த நோயாளருக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்த சமயச் சடங்குகளையும் கோட்பாடுகளையும் விலக்கி, மூச்சையும் உடலையும் எண்ணங்களையும் உள்ளபடியே கவனிக்கும் பழக்கத்தை மட்டும் அவர் கற்பித்தார். அவரிடம் பயின்ற நான்சி பார்டாக்கி என்ற செவிலி-மருத்துவச்சி, 1998இல் இதைக் கருவுற்ற தாய்மாருக்கும் அவர்தம் கணவன்மாருக்கும் உரிய பயிற்சியாக அமைத்தார்.

அதில் என்ன செய்கிறார்கள்? அமைதியாக அமர்ந்து, உள்ளே வந்து வெளியே செல்லும் மூச்சைக் கவனிக்கிறார்கள். மனம் அலைந்தால் கடிந்துகொள்ளாமல் மீட்டு வருகிறார்கள். ஒரு பனிக்கட்டியைக் கையில் ஏந்தி, ஒரு நிமிடம் அந்தக் குளிர் தரும் வேதனையைக் கவனிப்பதும் ஒரு பயிற்சி. இதன் பொருள் ஆழமானது. பேற்று வலி இடைவிடாத ஒன்றன்று. அது எழுந்து, உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தணிந்து, இடைவேளை தருகிறது. அந்த இடைவேளையிலும் அடுத்த வலியை எண்ணி நடுங்குபவள் ஓய்வை இழக்கிறாள். முந்தைய முறைகள் வலியை வெல்லச் சொல்லின. அல்லது மறக்கச் சொல்லின. இதுவோ, வருவதை வரும்போது சந்திக்கவும், சென்றதைச் செல்லவிடவும் பழக்குகிறது. மயக்க மருந்தை நாடியவளும், அறுவைச் சிகிச்சையால் பெற்றவளும் இங்கே தோற்றவர் அல்லர்.

பலன் உண்டா என்று கேட்பது நியாயம். கருவுற்ற பெண்களில் 100க்கு ஏறத்தாழ 10 பேரும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களில் 13 பேரும் மனநலக் குறைவுக்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வளரும் நாடுகளில் இவ்வளவு இன்னும் மிகுதி. முன்பு மனச்சோர்வுற்றிருந்த 86 கருவுற்ற பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் மீண்டது. மனவிழிப்புப் பயிற்சி பெற்றோரில் 100க்கு 18 பேருக்கே மீண்டது. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுந்திருந்த 1,221 பெண்களை வைத்துப் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வழக்கமான கவனிப்புப் பெற்றோரிடையே 100க்கு ஏறத்தாழ 22, தியானப் பயிற்சி பெற்றோரிடையே ஏறத்தாழ 16, சீரிய உணவுமுறை பின்பற்றியோரிடையே 14 என்று கண்டனர். தியானம் உதவுகிறது; நல்ல உணவும் உதவுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

மருத்துவத்திற்கும் அது மாற்றன்று. 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட 10 கேள்விகள் கொண்ட ஓர் எளிய படிவம், தாயின் மனச்சோர்வைக் கண்டறிய இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதன் கடைசிக் கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்று சொல்லும் பெண்ணைத் தியானம் செய் என்று அனுப்பிவிடலாகாது. காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வேற்றுச் சமயத்தில் வேர்கொண்ட தியானம் நமக்கு ஏற்றதா எனும் ஐயம் நம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15ஆம் நாள் வெளியிட்ட மடல், கீழை நாட்டு முறைகளைக் கிறிஸ்தவம் அல்லாதவை என்ற காரணத்தால் மட்டுமே ஒதுக்கிவிடலாகாது என்கிறது. உடல் தரும் அமைதியையே தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என்றும் எச்சரிக்கிறது. 1956இல் நாம் கண்ட அதே தெளிவு இதிலும் உள்ளது. மூச்சைக் கவனிப்பது செபமன்று; செபத்திற்குப் பகையுமன்று. கலங்கிய உள்ளம் சற்றே தெளிய உதவும் ஒரு மானிட வழி, அவ்வளவே.

ஒன்றை மட்டும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்பயிற்சிக்குப் பொருட்செலவு மிகுதியில்லை. ஆனால் நாள்தோறும் சிறிது தனிமையும் அமைதியும் வேண்டும். விடியுமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, அனைவருக்கும் சமைத்து, வேலைக்கும் சென்று திரும்பும் கருவுற்ற பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத்தை யார் தருவது? அதை அவள் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. லூக்கா நற்செய்தியில், கருவுற்றிருந்த எலிசபெத்தின் இல்லத்தில் மரியா ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியதாகப் படிக்கிறோம். அம்மூன்று மாத வேலைகளைப் பற்றி நற்செய்தியாளர் ஏதும் எழுதவில்லை. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் செய்யவேண்டிய வேலைகள் எவை என்பது நமக்குத் தெரியாததன்று. அவற்றில் சிலவற்றை அவள் கையிலிருந்து நாம் வாங்கிக்கொண்டால், அவள் அமர்ந்து மூச்சுவிட இடம் பிறக்கும்.