கொயினாவின் கிளைக்கதை

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிற்கு நீரூட்டும் பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதைக் கட்டிய தொழிலாளர் பலரை மலேரியா மாய்த்தது. கொயினாவே அன்றைய மருந்து. அதற்கு மாற்றாக 1934-இல் ஜெர்மனியில் குளோரோகுயின் உருவாயிற்று. அதனை ஆக்குங்கால் ஒதுங்கிய துணைப்பொருளொன்றை ஆராய்ந்து, அமெரிக்கரான ஜார்ஜ் லெஷர் 1962-இல் நாலிடிக்சிக் அமிலத்தைக் கண்டார். அதுவோ சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தாயிற்று! மலேரியாவைத் தேடிய வழியில் இப்படியொன்று கிடைத்தது விந்தையன்றோ?

நுண்ணுயிரின் மரபிழையை முறுக்கும் நொதியையே அம்மருந்து தாக்கும். கோடிக்கணக்கான ஈ.கோலைகளுள் அந்நொதி சற்றே மாறியவை சில இருக்கும். மற்றவை மடிய, இவை பெருகும். நாலிடிக்சிக் அமிலம் விரைவில் வலுவிழந்தது. 1980-களில் வந்த அதன் வழித்தோன்றல்கள் நார்ஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும். இந்திய நோயாளிகளின் சிறுநீரில் காணும் ஈ.கோலைகளிற் பெரும்பகுதி இன்று அவற்றுக்கும் அடங்குவதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அத்தைக்குச் சிறுநீர் எரிச்சல். கடையில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் ஐந்து நாளும் பயன்தரவில்லை, காய்ச்சலும் கண்டது. பின்னர் தேனியில் கிருமியை வளர்த்துச் சோதித்தனர். அது பணிந்த மருந்துகளுள் ஒன்று நைட்ரோஃபுரன்டாயின். 1953-இல் வழக்கிற்கு வந்த பழைய மருந்து.