மார்ச் 31-உம் முந்திரிப் பருவமும்: செயல்பாட்டுப் பணப்பாய்வு குறித்த ஒரு மறுவாசிப்பு

லாபம் இருந்தும் செயல்பாட்டுப் பணப்பாய்வு எதிர்மறையானால் அந்த லாபத்தை ஐயுற வேண்டும் என்னும் வாசிப்பு நம் கணக்கியல் எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டை வட்டாரத்து முந்திரித் தொழிலுக்கு இவ்வாசிப்பு பொருந்தாது என்றே கருதுகிறேன். கோளாறு அளவையில் இல்லை. அதை மார்ச் 31-இல் நிறுத்தி அளப்பதில் இருக்கிறது.

இங்கே கொட்டை வரத்து பெரும்பாலும் மார்ச்சில் வலுத்து ஜூனுக்குள் அடங்கும். விவசாயிக்குக் கையில் ரொக்கம் கொடுத்தாக வேண்டும். வறுத்து உடைத்த பருப்பை விற்பதோ தீபாவளியையும் தாண்டி நீளும். கொள்முதல் பருவம் முடியுமுன்பே கணக்காண்டு முடிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களைக் கொள்வோம். ஒரு வியாபாரிக்கு ஆண்டு லாபம் 10 லட்சம். மார்ச் 31-இல் வழக்கமான கையிருப்பு 40 லட்சம். தேய்மானம், கடன்பாக்கி முதலியவற்றை ஒதுக்கிவிடலாம். ஓராண்டு மரங்கள் முன்னதாகப் பூத்து, கையிருப்பு 70 லட்சமாகிறது. கூடிய 30 லட்சத்தை லாபத்தில் கழித்தால் பணப்பாய்வு எதிர்மறை 20 லட்சம். மறு ஆண்டு கையிருப்பு பழையபடி 40 லட்சத்துக்கு இறங்கினால் நேர்மறை 40 லட்சம். இரண்டையும் கூட்டினால் 20 லட்சம். அதாவது ஈராண்டு லாபம். தொழில் கெடவும் இல்லை, மீளவும் இல்லை. மரம் முந்திப் பூத்தது, அவ்வளவே.

தலைகீழான நிலை இன்னும் கவலை தருவது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இவ்வட்டார முந்திரி மரங்களைச் சாய்த்தது. அடுத்த மார்ச்சில் வாங்கக் கொட்டை கிடைக்காத வியாபாரி, பழைய சரக்கை விற்ற பணத்துடன் ஆண்டை முடித்திருப்பார். அவருடைய செயல்பாட்டுப் பணப்பாய்வு பளிச்சென்றிருக்கும். பேரிழப்பு நேர்ந்த ஆண்டை நல்ல ஆண்டாகக் காட்டும் அளவுகோலை வைத்துக் கடன் தகுதியைத் தீர்மானிப்பது எப்படித் தகும்?

மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் போதும் என்பர். வங்கி மேலாளர் கடனை மறுப்பது ஓராண்டு அறிக்கையைப் பார்த்துத்தான்; சராசரி அவர் மேசைக்கு வருவதில்லை. ரொக்கம் பொய் சொல்லாது என்ற வாதத்துக்கும் நெடிய மறுப்புத் தேவையில்லை: 2009 ஜனவரியில் வெளிப்பட்ட சத்யம் மோசடியில் ஊதிக் காட்டப்பட்டது வங்கி இருப்பேதான். இறக்குமதிக் கொட்டையை நம்புவோருக்கு, குறிப்பாக அக்டோபரில் அறுவடை தொடங்கும் தான்சானியச் சரக்கை வாங்குவோருக்கு, என் வாதத்தின் வலு குறையலாம், அதை ஒப்புகிறேன்.

மார்ச் 31 தொழிலின் இயல்பிலிருந்து வந்த நாளன்று. 1989-90 மதிப்பீட்டாண்டுக்கு முன்புவரை, வருமான வரிக்குக்கூட வியாபாரி தம் தொழிலுக்கு ஏற்ற கணக்காண்டைக் கொள்ள முடிந்தது. அதன்பின் எல்லோருக்கும் ஒரே ஆண்டு. வரி வசூலின் வசதிக்கு வந்த தேதியை நாம் தொழிலின் உடல்நலத்தைச் சொல்லும் தேதியாகவும் எடுத்துக்கொண்டோம்.

முந்திரிக்கு உரிய அளவை நாள் பிப்ரவரி இறுதி. அப்போது பழைய கொட்டை அநேகமாகத் தீர்ந்திருக்கும். புதியது வரத் தொடங்கும் தறுவாய். பிப்ரவரி முதல் பிப்ரவரி வரை அளந்தால், மேற்சொன்ன வியாபாரியின் பணப்பாய்வு இரண்டு ஆண்டுகளிலும் 10 லட்சத்தை ஒட்டியே நிற்கும். கொள்முதல் ஏடும் ரொக்க ஏடும் இருந்தால் இதைக் கணக்கிட்டுவிடலாம். சட்டத் தடையும் இல்லை: 2013 நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 2(40) சிறு நிறுவனங்களுக்குப் பணப்பாய்வு அறிக்கையிலிருந்தே விலக்குத் தருகிறது. வங்கிக்காகத் தாமே முன்வந்து அதைத் தயாரிப்பவர், மார்ச் கணக்குடன் பிப்ரவரிக் கணக்கையும் இணைத்துக் கொடுக்கலாம்.