சால்வையில் பூத்தது யாருடைய பூ?

போன செமஸ்டரில் எங்கட பீடக் கண்காட்சிக்கு ஒரு லேஸ் சால்வை பின்னுவோம் என்று நண்பி ஒருத்தி சொன்னாள். பின்னுவது அவள், டிசைன் போடுவது நான். "எங்கட கலாசாரம் தெரியுற மாதிரி ஏதாவது கீறித் தா" என்றாள். நானும் வரைபுத்தாளில் பெட்டி பெட்டியாக நிரப்பி ஒரு பனைமரம் கீறிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது படமடி. நீ நிரப்பின பெட்டியெல்லாம் ஓட்டையெண்டால் மிச்சத் துணி எங்க?"

அந்த ரோசத்தில்தான் லேஸ் சால்வைகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். தேடல் என்னை ஹாப்சாலுவில் கொண்டுபோய் விட்டது.

ஹாப்சாலு, எஸ்தோனியாவின் மேற்குக் கரையில் பால்டிக் கடலோரம் உள்ள சின்னப் பட்டினம். 1825இல் கார்ல் ஆபிரகாம் ஹுன்னியஸ் என்ற வைத்தியர் கடற்சேற்றால் சிகிச்சை செய்யும் நிலையம் ஒன்றை அங்கே தொடங்கினார். எஸ்தோனியா அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. கோடை வந்தால் ரஷ்யப் பிரபுக்களும் பணக்காரர்களும் அங்கே வந்து தங்குவார்கள். இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியும் 1867 கோடையை அங்கேதான் கழித்தார். வந்தவர்களுக்கு விற்பதற்காக உள்ளூர்ப் பெண்கள் மெல்லிய கம்பளி நூலில் சால்வை பின்னினார்கள். நல்ல சால்வையை ஒரு மோதிரத்துக்குள்ளால் இழுத்தெடுக்கலாம்.

அதாவது, இன்று எஸ்தோனியப் பாரம்பரியம் என்று கொண்டாடப்படும் இந்தச் சால்வை உல்லாசப் பயணிகளை நம்பி வளர்ந்த ஒன்று. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலைக்குள்ளேயும் அந்தப் பெண்கள் தங்கட கண்ணால் கண்டதைக் கொண்டுவந்தார்கள். எப்படி என்பதுதான் சுவாரசியம்.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். நூலை ஊசியில் சும்மா ஒருதரம் சுற்றினால் அடுத்த வரியில் அங்கே ஓட்டை விழும். ஒரு கண்ணியும் கூடிவிடும். அதைச் சரிக்கட்ட வேறு இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். சேர்த்த இடத்தில் நூல் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாயும். ஓட்டையும் சாய்வும்தான் லேஸின் முழு மொழியும். இலை, கொடி, வைரம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேதான் பிறக்கின்றன. ஒரு ஓட்டைக்கு ஒரு சேர்ப்பு. கணக்குப் பிழைத்தால் சால்வை கோணும்.

ஹாப்சாலுப் பெண்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: 'நுப்'. ஒரே கண்ணிக்குள் ஐந்து, ஏழு என்று வளையங்களை எடுத்து, அடுத்த வரியில் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கினால் சின்ன மொட்டுப்போல ஒரு புடைப்பு வரும். சால்வைகள் நிறைக்கு விற்கப்பட்டதால் பாரத்தைக் கூட்டத்தான் இதைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மெஷினால் செய்யக் கஷ்டமென்பதால் கைவேலைக்கு இதுவே சாட்சியானது என்றும் சொல்வார்கள். காரணம் எதுவோ, அந்த மொட்டுகள்தான் பள்ளத்தாக்கு லில்லியைச் சால்வைக்குள் கொண்டுவந்தன. வசந்தத்தில் பூக்கும், மணிமணியாகத் தொங்கும் வெள்ளைப் பூ அது. ஒருத்தி ஒருமாதிரிப் பின்ன, இன்னொருத்தி இன்னொருமாதிரிப் பின்ன, அந்த ஒரு பூவுக்கே பல வடிவங்கள் வந்துவிட்டன. பின்னிய மாதிரித் துண்டுகளைப் பார்த்துப் பார்த்தே ஒருவரிடமிருந்து ஒருவர் பழகினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் இடித்தது. ஹாப்சாலுவின் பிரபலமான டிசைன்களில் ஒன்றின் பெயர் 'முடிக்குரிய இளவரசர்'. 1930களில் வந்துபோன சுவீடன் இளவரசரின் நினைவாக வைத்தது. இன்னொன்று 'சில்வியா'. 1992இல் எஸ்தோனியாவுக்கு வந்த சுவீடன் அரசிக்காக வைத்த பெயர். நடிகை கிறேற்றா கார்போவின் பெயரிலும் ஒன்று இருக்கிறது. போர்த்திக்கொள்பவர்களின் பெயர் டிசைனில் நிற்கிறது. எந்தக் கண்ணியில் எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று விளக்கு வெளிச்சத்தில் யோசித்தவளின் பெயர் அதில் இல்லை. 'பாரம்பரியம்' என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் ஒவ்வொரு பாரம்பரிய டிசைனும் ஒருநாள் யாரோ ஒருத்தியின் புது டிசைனாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒருத்தியை மறைக்கவும் இந்தச் சொல் வசதியாக இருக்கிறது.

எஸ்தோனியா 1940இல் சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டு, 1991இல் திரும்பச் சுதந்திரமடைந்தது. பிரபுக்கள் போனார்கள், பேரரசு போனது, சோவியத்தும் போனது. பின்னல் போகவில்லை. பின்னியவர்கள் புதுசு புதுசாகப் போட்டுக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என்ர பனைமரத்தைக் கிழித்துப் போட்டாச்சு. இப்போது நண்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கீறுகிறோம். முழு மரம் வேண்டாம். ஓலையின் மடிப்பு மட்டும் போதும். ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரியும் ஓட்டை வரிசைகள், இடைக்கிடை சாயும் கோடுகள். எங்கட வெயிலுக்குக் கம்பளி சரிவராது, அதனால் பருத்தி நூல். இதுவரை நாலுதரம் பின்னி நாலுதரம் அவிழ்த்திருக்கிறாள்.

கண்காட்சியில் சால்வைக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் 'பாரம்பரிய வடிவம்' என்று எழுதச் சொன்னார்கள். நான் அவளுடைய பெயரை எழுதப்போகிறேன்.